வெள்ளக்காரப் பாட்டனோட வாழ்க்கையைத் தேடினோம்: பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகமும் மத்த சர்வீஸ்களும், எங்க ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், இங்கிலாந்துலேர்ந்து தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு விவசாயம் பண்ண வந்த முன்னோர் யாராச்சும் உங்க குடும்பத்துல இருந்தா, காசு குடுத்து வம்சாவளி மரம் வாங்கறதுக்கு முன்னாடி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துல அந்த ஆளோட எஸ்டேட் ஃபைலை, அதாவது செத்ததுக்கப்புறம் சொத்தைப் பிரிச்ச ஃபைலைப் பாருங்க. மரத்துல பேரும் வருஷமும்தான் கெடைக்கும், ஃபைல்ல அந்த மனுஷன் எப்படி வாழ்ந்தார்ங்கறதே கெடைக்கும். நாங்க ரெண்டையும் பாத்துட்டோம், அதனாலதான் இவ்ளோ உறுதியா சொல்றேன்.

தமிழ்க் குடும்பத்துக்கு எதுக்குடா இங்கிலீஷ்கார முன்னோர்னு கேப்பீங்க. நான் வேலூர்ப் பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி இங்க நார்த்டேலுக்கு வந்தவ. எங்க மாமியாரோட ஆயாவுக்கு, அதாவது அவங்க அம்மாவப் பெத்தவங்களுக்கு, பூனைக்கண்ணு, செம்பட்டை முடி. ஆயாவோட அம்மா ரிச்மண்ட் பக்கம் ஒரு பண்ணையில ஒப்பந்தத்துல வேலை பாத்த தமிழ்ப் பொண்ணு, அப்பா அந்தப் பண்ணைக்காரரோட மகன்னு வீட்டுக்குள்ள மெதுவா பேசிக்குவாங்க, வெளிய யாரும் பேச மாட்டாங்க. பெரிய பண்ணைக்காரரப் பத்தி வீட்டுல மூணு விஷயம் சொல்லுவாங்க: கப்பல் ஒடஞ்சு கரைக்கு வந்தவர், இங்கிலாந்துல ஜமீன் வீட்டுப் பிள்ளை, இங்க மந்தை மந்தையா மாடு வச்சிருந்தவர். எங்க அத்தைக்கு, அதான் மாமியாருக்கு, எழுபது தாண்டிருச்சு, "நான் போறதுக்குள்ள இது நெசமா பொய்யான்னு யாராச்சும் பாத்துச் சொல்லுங்கடி"ன்னு கேட்டாங்க, அதுக்கப்புறம் எப்படி சும்மா இருக்கறது. பேர் எதுவும் நான் இங்க போடல, குடும்பத்துல எல்லாரும் இதை இன்னும் ஏத்துக்கல, அந்தப் பக்கத்து வாரிசுகளும் இதே மாகாணத்துலதான் இருக்காங்க.

முதல்ல நாங்க பணம் கட்டினது ஒரு வெளிநாட்டு ஆன்லைன் கம்பெனிக்கு, பேர் வேணாம். பேரும் ஊரும் குடுத்தா வம்சாவளிய தேடி அழகா பிரிண்ட் பண்ணி ஃப்ரேம் போடற மாதிரி அனுப்புவாங்க. வந்துச்சு, பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ஆறு தலைமுறை, ஓரத்துல கொடியும் இலையும். எங்க ஆளுக்கு, அதான் அந்தப் பெரிய பண்ணைக்காரருக்கு, இங்கிலாந்துல சஃபோக்ங்கற ஜில்லாவுல பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க, 1851 சென்சஸ்ல வீட்டுத் தலைவர்னு போட்டிருந்துச்சு. இங்கிலாந்துல அந்த வருஷ சென்சஸ் எடுத்தது மார்ச் 30ஆம் தேதி ராத்திரி. எங்க ஆளு வந்த கப்பல் டர்பன்ல ஒடஞ்சது 1850 ஜூலையில. நேட்டால்ல கரை ஏறி எட்டு மாசம் ஆன மனுஷன் சஃபோக்ல குடும்பத்தோட எப்படி இருப்பார்? அதே பேர்ல வேற ஒருத்தரப் புடிச்சுக் கொண்டாந்து எங்க தலையில கட்டிட்டாங்க. எழுதிக் கேட்டதுக்கு, கூடுதலா கட்டினா பர்த் சர்டிஃபிகேட் எடுத்துத் தர்றோம்னு பதில். இங்கிலாந்துல அரசாங்கம் பிறப்பு இறப்பு பதிய ஆரம்பிச்சதே 1837 ஜூலை 1லேர்ந்துதான், அதுக்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு சர்ச் ஞானஸ்நானப் பதிவுதான் உண்டு, எங்க ஆளு பொறந்தது 1824. இதைத் தொழிலா பண்றவங்களுக்கு இது தெரியாம இருக்கக் கூடாது. அத்தை அந்த மரத்தை ஹால்ல மாட்டணும்னு ஆசையா இருந்தாங்க, நான் தடுத்துட்டேன், யாரோ ஒரு குடும்பத்தோட பாட்டனை நம்ம சுவத்துல மாட்டறது சரியாப் படல.

இனி காப்பகம். நம்ம ஊர்க்காரங்க பலருக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்னா குட் ஃப்ரைடே அன்னிக்கு மாரியம்மன் கோயில் தீமிதிதான் தெரியும், அதே டவுன்ல இப்படி ஒரு இடம் இருக்கறது தெரியாது. பழைய நேட்டால் காலனியோட பேப்பரெல்லாம் இங்கதான் இருக்கு. போறதுக்கு முன்னாடி வீட்டுலயே செய்ய வேண்டிய வேலை ஒண்ணு, தேசிய ஆவணக் காப்பகத்தோட ஆன்லைன் இண்டெக்ஸ், என்.ஏ.ஏ.ஐ.ஆர்.எஸ்னு சொல்வாங்க, இலவசம். அதுல டேட்டாபேஸ் எதுன்னு கேக்கும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு என்.ஏ.பி, டர்பனுக்கு டி.பி.டி, கேப் டவுனுக்கு கே.ஏ.பி. பேரப் போட்டு தேடினா வரிசையா வரும், எம்.எஸ்.சி.ஈ-ன்னு ஆரம்பிக்கற நம்பர் இருந்தா அதுதான் எஸ்டேட் ஃபைல், இறந்தவரோட சொத்தை கோர்ட் பிரிச்ச கணக்கு. சி.எஸ்.ஓ-ன்னு இருந்தா காலனிச் செயலாளர் ஆபீசுக்கு எழுதின மனு, கடிதம். எஸ்.ஜி.ஓ-ன்னா சர்வேயர் ஜெனரல், அதாவது நிலம். ரெண்டெழுத்து ஐ.ஐ வந்தா நல்லா கவனிங்க, அது இந்தியக் குடியேற்ற இலாகா, நம்ம ஆளுங்க பேப்பர். இண்டெக்ஸ்ல ஃபைலோட தலைப்பு மட்டும்தான் இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு வராது, அதனால பேரோட ஸ்பெல்லிங்க மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கணும். எங்க ஆளோட குடும்பப் பேர்ல ஒரு எழுத்து ஒரு ஃபைல்ல இருக்கு, அடுத்த ஃபைல்ல இல்ல.

நேர்ல போனா பென்சில் மட்டும் கொண்டு போங்க, பேனா உள்ள ஆகாது, பையும் வெளிய. நம்பர எழுதிக் குடுத்தா ஃபைலை எடுத்துட்டு வந்து மேசையில வைக்கறாங்க. அங்க இருந்த அண்ணன் ஒருத்தர் நாங்க எழுதிட்டுப் போன நம்பரப் பாத்துட்டு, "அம்மா, அப்பன் ஃபைல் மட்டும் பாத்தா பத்தாது, மகன் ஃபைலையும் சேத்துப் போடுங்க"ன்னு அவராவே சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு நாங்க எவ்ளோ கடன்பட்டிருக்கோம்னு கீழ படிச்சா உங்களுக்கே புரியும்.

எஸ்டேட் ஃபைல்ல மேல இருக்கறது டெத் நோட்டீஸ். பேப்பர்ல வர்ற இரங்கல் விளம்பரம் மாதிரி நெனச்சுக்காதீங்க, அது அரசாங்க ஃபாரம், வீட்டு ஆளுங்க யாராச்சும் நிரப்பிக் கையெழுத்துப் போடணும். பேரு, பொறந்த ஊரு, அப்பா அம்மா பேரு, வயசு, தொழில், பொண்டாட்டி பேரு, பிள்ளைங்க பேரு, செத்த எடம், சொத்து இருக்கா இல்லையா, எல்லாம் ஒரே தாள்ல. தென்னாப்பிரிக்காவுல பூர்வீகம் தேடறவங்களுக்கு இதைவிடப் பெரிய சாவி கெடையாது. ஆனா ஒண்ணு, நிரப்பினவருக்கு எது தெரியுமோ அதுதான் அதுல இருக்கும். எங்க ஆளோட நோட்டீஸ மூத்த மகன் நிரப்பியிருக்கார், பொறந்த ஊருங்கற எடத்துல இங்கிலாந்துன்னு மொட்டையா, அம்மா பேருங்கற எடத்துல தெரியாதுன்னு. பெத்த அப்பனோட அம்மா பேரு மகனுக்குத் தெரியல, எனக்கு அதைப் படிச்சப்போ மனசு என்னமோ பண்ணுச்சு. கடல் தாண்டி வந்தவங்க வீட்டுல இதுதான் நடக்குது, நம்ம ஆளுங்க வீட்டுலயும் இதேதான், ஆயாவோட அம்மா எந்த ஊருன்னு கேட்டா எங்க வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது.

அடுத்தது சொத்துக் கணக்கு. 1898ல இறந்திருக்கார், 74 வயசு. வேகன் ஒண்ணு, கலப்பை, மண்வெட்டி, மேசை, நாற்காலி, கடிகாரம், கட்டில்னு ஒவ்வொண்ணா எழுதி விலை போட்டிருக்கு. மாடுங்கற வரியில நாலே நாலு. மந்தை மந்தையா வச்சிருந்தார்னு கேட்டு வளந்த அத்தைக்கு முகமே விழுந்துடுச்சு. ஆனா வருஷத்தைப் பாக்கணும். 1897ல ரிண்டர்பெஸ்ட்ங்கற மாட்டு நோய் நேட்டாலுக்குள்ள வந்துச்சு, ஆப்பிரிக்காவோட வடகிழக்குல ஆரம்பிச்சு தெக்க எறங்கி வந்த நோய், போன எடத்துலயெல்லாம் தொழுவம் காலி, வெள்ளக்காரன் மாடு ஜூலு ஜனங்க மாடுன்னு பாக்கல. அடுத்த வருஷம் செத்தவர் கணக்குல நாலு மாடு இருக்குன்னா, அதுக்கு முன்னாடி மந்தை இருந்திருக்கலாம், இருந்ததுன்னு இந்தத் தாள் சொல்லாது, இல்லைன்னும் சொல்லாது. சொத்துக் கணக்குங்கறது ஒரு நாளோட கணக்கு, முழு வாழ்க்கையோட கணக்கு இல்ல. இதைச் சொல்லித்தான் அத்தையத் தேத்தினேன்.

உயில்தான் கதவத் தொறந்து விட்டுச்சு. சஃபோக்ல ஒரு கிராமத்தோட பேரை எழுதி, அங்க இருக்கற தங்கச்சிக்கு இவ்ளோ பணம் அனுப்பணும்னு ஒரு வரி. நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சும் தங்கச்சிய மறக்கல பாருங்க. பெத்த பிள்ளைக்குத் தெரியாத ஊரு பேரு இந்த ஒரு வரியில இருந்துச்சு. அதனால சொல்றேன், டெத் நோட்டீஸோட நிறுத்திடாதீங்க, ஃபைலைக் கடைசித் தாள் வரைக்கும் திருப்புங்க.

ஊரு தெரிஞ்சதுக்கப்புறம் இங்கிலாந்துப் பக்கம் சுலபம், இப்ஸ்விச்ல இருக்கற கவுண்டி ஆவணக் காப்பகத்துலேர்ந்து ஞானஸ்நானப் பதிவோட நகல் வாங்கினோம். 1813லேர்ந்து அங்க எல்லா சர்ச்சுக்கும் அச்சடிச்ச ஒரே மாதிரி ரெஜிஸ்டர், அதுல அப்பாவோட தொழிலுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. எங்க ஆளோட அப்பாவுக்கு நேரா எழுதியிருந்தது லேபரர், கூலியாள். ஜமீன் எல்லாம் இல்ல. 1841 சென்சஸ்லயும் பாத்தோம், அதுல ஒரு சூட்சுமம் இருக்கு, 15 வயசுக்கு மேல இருக்கறவங்க வயசை அஞ்சோட மடங்குக்குக் கொறச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க, 17 வயசுப் பையனுக்கு 15ன்னு இருக்கும், அது தெரியாம பாத்தா வேற ஆளுன்னு தள்ளிடுவோம். அப்புறம் டைத் மேப், டைத்னா சர்ச்சுக்குக் குடுக்கற பத்துல ஒரு பங்கு வரி, அதைப் பத்தி 1836ல வந்த சட்டத்துக்காக கிராமம் கிராமமா அளந்து போட்ட வரைபடம், எந்தத் துண்டு யாருக்குச் சொந்தம், யாரு அனுபவிக்கறா, பேரு என்ன, எவ்ளோ ஏக்கர்னு முழு விவரமும் அதோட பட்டியல்ல இருக்கும். எங்க ஆளோட அப்பா பேரும் இருக்கு, ஒரு குடிசையும் பின்னால ஒரு தோட்டமும், அனுபவிக்கறவர்ங்கற கட்டத்துல. சொந்தக்காரர்ங்கற கட்டத்துல வேற ஒருத்தர் பேரு, அந்தக் கிராமத்துல பாதித் துண்டுக்கு அவர் பேருதான்.

இதைப் பாத்ததுக்கு அப்புறம்தான் அவர் ஏன் கப்பல் ஏறினார்னு எனக்கு ஒறைச்சுது. அந்தக் காலத்துல சஃபோக் பண்ணைக் கூலி வாரத்துக்கு சுமார் 8 ஷில்லிங். ஜோசஃப் சார்ல்ஸ் பைர்ன்னு ஒருத்தர் லண்டன்ல ஆபீஸ் போட்டு 1849லேர்ந்து 1851 வரைக்கும் ஆள் சேத்து நேட்டாலுக்கு அனுப்பினார், ஒரு பெரிய ஆளுக்கு 10 பவுண்டு, கப்பல்ல கீழ்த்தட்டு டிக்கெட்டு, போய்ச் சேர்ந்ததும் 20 ஏக்கர் நிலம். 10 பவுண்டுன்னா 200 ஷில்லிங், சோறு தண்ணி எதுக்கும் தொடாம சேத்தாக்கூட 25 வாரக் கூலி. கையகல நிலம் இல்லாதவன் மகனுக்கு 20 ஏக்கர்னு சொன்னா எப்படி இருந்திருக்கும்! பைர்ன் கப்பலும் மத்த திட்டத்து கப்பலும் சேர்ந்து அந்த ரெண்டு மூணு வருஷத்துல சுமார் 5,000 பேர் வந்து எறங்கினாங்க. வெருலம் டவுன்ல நம்ம ஆளுங்க எத்தன பேரு இருக்கோம், அதுவும் 1850ல மெதடிஸ்ட் சர்ச்சுக்காரங்க இப்படிக் கூட்டமா வந்து எறங்கிப் போட்ட ஊருதான்.

கப்பல் ஒடஞ்ச கதை நெசம், அதுக்கு ஆதாரம் தேட வேண்டியதே இல்லாம போச்சு. மினர்வாங்கற பைர்ன் கப்பல் 1850 ஜூலை 4ஆம் தேதி டர்பன் வெளித் துறையில நங்கூரச் சங்கிலி அறுந்து ப்ளஃப் பாறையில போய் மோதி ஒடஞ்சுது. பயணிகளை கரை சேத்துட்டாங்க, சாமான் அத்தனையும் கடலுக்குப் போச்சு, ஏர் கலப்பை, விதை, துணிமணி எல்லாம். பைர்ன் கப்பல்ங்களோட பயணிகள் பட்டியல் இணையத்துலயே கெடைக்குது, டர்பன்ல பெரியாங்கற ஏரியா பக்கம் இருக்கற கில்லி கேம்பல் நூலகத்துலயும் குடியேறினவங்களப் பத்தின பழைய பேப்பரும் டைரியும் நல்லா சேத்து வச்சிருக்காங்க. பட்டியல்ல எங்க ஆளு பேரு, தனி ஆளு, வயசு சரியா ஒத்துப் போகுது. இங்கிலாந்துலேர்ந்து வெளிய போன கப்பல் பட்டியல அங்க ஒழுங்கா வச்சிருக்கறது 1890லேர்ந்துதான், அதனால 1850 ஆளை அந்தப் பக்கத்துல தேடறதுல நேரத்தை வீணாக்காதீங்க, எறங்கின பக்கம் தேடுங்க.

வந்து எறங்கினவங்களுக்கு பைர்ன் சொன்ன மாதிரி ஒண்ணும் நடக்கல. அதே 1850ல அவர் திவாலாயிட்டார். 20 ஏக்கர் இந்த மண்ணுக்குப் பத்தாது, சரிவு நெலம், பாறை, மாடு மேய்க்கவே அதைப் போல பல மடங்கு வேணும். நெறைய பேரு நெலத்த விட்டுட்டு டவுன்ல தச்சு வேலை, கடை வேலைன்னு போயிட்டாங்க, 1851ல ஆஸ்திரேலியாவுல தங்கம்னு கேள்விப்பட்டு அங்க ஓடினவங்களும் உண்டு. எங்க ஆளு ஓடல. எஸ்.ஜி.ஓ நெலப் பேப்பர்ல பாத்தா பக்கத்துல விட்டுட்டுப் போனவங்க துண்டை ஒண்ணொண்ணா வாங்கிச் சேத்திருக்கார். அந்த உழைப்பை நான் மதிக்கறேன். கூடவே இன்னொண்ணும் சொல்லணும், அந்த 20 ஏக்கர் சும்மா கெடந்த நெலம் இல்ல, 1843ல பிரிட்டிஷ்காரங்க நேட்டாலைக் காலனின்னு அறிவிச்சதுக்கு முன்னாடியும் அங்க மேய்ச்சலும் பயிரும் வீடும் வச்சிருந்த ஜனங்க இருந்தாங்க. சர்வேயர் வரைபடத்துல மூலைக்கல்லும் ஓடையும் சரியா குறிச்சிருக்கு, அந்த ஜனங்க வீடு ஒண்ணுகூட அதுல இல்ல. வாரிசுன்னு பெருமையா தேடறவங்க இதையும் பாக்கணும்னு நான் நெனக்கறேன், எங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட இதையும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன்.

இப்ப அந்த அண்ணன் சொன்ன மகன் ஃபைல். ரெண்டாவது மகன், 1920கள்ல செத்தவர், கல்யாணம் ஆகாதவர்னு நோட்டீஸ்ல இருக்கு, பிள்ளைங்கங்கற எடத்துல ஒரு கோடு. அத்தை அதைப் பாத்துட்டு ஃபைலை மூடப் போனாங்க. நான்தான் உயிலைத் திருப்பினேன். பண்ணையில முன்னாடி வேலை பாத்த ஒரு இந்தியப் பொம்பளைக்கும் அவ மகளுக்கும் 50 பவுண்டு, பேரு எழுதி, பேருக்குப் பக்கத்துல ஒரு நம்பர். ஒப்பந்தத்துல வந்த ஒவ்வொருத்தருக்கும் நேட்டால்ல ஒரு காலனி நம்பர் உண்டு, சாகற வரைக்கும் அதுதான் அடையாளம். அம்மா பேரு சரி, மகளோட பேரு சரி, எங்க ஆயா பேருதான். அத்தை ஒண்ணுமே பேசல, கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி மறுபடி படிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க, "மகள்னு எழுதிருக்கான், என் மகள்னு எழுதலியேடி."

அதுக்கு நான் என்ன பதில் சொல்ல. ரத்த உறவுக்கு இந்தத் தாள் சர்டிஃபிகேட் இல்ல, அதை நான் ஒத்துக்கறேன், கோர்ட்டுல நிக்காது. ஆனா கல்யாணமாகாத ஒரு பண்ணைக்காரன், எத்தனையோ வேலையாளுங்க இருந்த எடத்துல, ஒரே ஒரு பொம்பளையயும் அவ மகளையும் மட்டும் பேரு சொல்லி எழுதி வச்சிருக்கான்னா, எங்க வீட்டுல மெதுவா பேசிக்கிட்டது வெறும் வாய்ப்பேச்சு இல்லன்னு எனக்கு உறுதியாயிடுச்சு. அந்தப் பணம் கைக்கு வந்துச்சான்னும் அதே ஃபைல்லயே இருக்கு, கடைசி கணக்குத் தாள்ல ரசீது, கீழ ஒரு பெருவிரல் ரேகை. எங்க குடும்பத்துல அந்த அம்மாவோட போட்டோ கெடையாது, கையெழுத்து கெடையாது, எங்களுக்குக் கெடச்சது இந்த ரேகைதான். அத்தை அதை போட்டோ எடுக்கச் சொல்லி இப்ப போன்ல முதல் பக்கத்துலயே வச்சிருக்காங்க.

அந்த காலனி நம்பர வச்சுக்கிட்டு டர்பனுக்குப் போனோம். இந்தியக் குடியேறிகள் கப்பல் ரெஜிஸ்டர் டர்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. 1860 நவம்பர் 16ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேர்ந்து 342 பேரோட வந்ததுலேர்ந்து 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர், நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், யார்கிட்ட வேலைக்கு அனுப்பினாங்கங்கற வரைக்கும் எழுதியிருக்கு. அந்தக் கடைசிக் கட்டத்துல எங்க ஆளோட பேரு. ஜில்லாங்கற எடத்துல வட ஆற்காடு! என் பொறந்த ஊருலேர்ந்து பஸ்ல போற தூரத்துல இருக்கற கிராமம், நான் சின்ன வயசுல திருவிழாவுக்குப் போன ஊரு. நான் மருமகளா வந்த வீட்டோட வேர் எங்க ஊருப் பக்கத்துலயே இருந்திருக்கு. அதைப் பாத்து நான் அழுதுட்டேன், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு கூலியையும் நீங்களே பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஆரம்பத்துல வந்தவங்களோட ஒப்பந்தத்துல முதல் வருஷம் மாசத்துக்கு 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும், அஞ்சு வருஷம். சஃபோக்ல வாரத்துக்கு 8 ஷில்லிங் பத்தலன்னு கப்பல் ஏறின வம்சம், இங்க மாசத்துக்கு அந்தக் காசுக்கு ஆள் வச்சு நெலம் உழுதுச்சு. அவர் கப்பல் ஏறினப்போ எறங்கினதும் 20 ஏக்கர், அந்தப் பொண்ணு ஏறினப்போ எறங்கினதும் ஒரு நம்பர்.

டர்பன் பக்கம் எங்களுக்கு உதவினது ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா, காப்பகத்துல தேடிக் குடுக்கறதை மணிக்கணக்குல காசு வாங்கிக்கிட்டு பண்றாங்க, பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க. இவங்க வேலைக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். காரணம் இதுதான், எந்த விஷயம் சொன்னாலும் அது எந்த ஃபைல், எந்தப் பக்கம்னு நம்பரோட எழுதி, அந்தப் பக்கத்தோட போட்டோவும் சேத்து அனுப்பினாங்க, கெடைக்காததையும் எங்கெங்க தேடினேன் கெடைக்கலன்னு எழுதிக் குடுத்தாங்க. அந்த ஃப்ரேம் கம்பெனி ஒரு ஃபைல் நம்பர்கூடக் குடுக்கல. யாருக்காச்சும் காசு குடுத்து தேடச் சொல்றதா இருந்தா முதல்ல இதைக் கேளுங்க, ஒவ்வொரு தகவலுக்கும் மூலப் பக்கத்தோட படம் தருவீங்களான்னு. தயங்கினாங்கன்னா விட்டுடுங்க.

நேர்ல வர முடியாதவங்களுக்கு, லண்டன்லயோ சென்னையிலயோ இருந்தாக்கூட, ஃபேமிலிசர்ச் வெப்சைட்ல பீட்டர்மாரிட்ஸ்பர்க் எஸ்டேட் ஃபைல்ங்க 1950 வரைக்கும் ஸ்கேன் பண்ணினது போட்டிருக்காங்க, இலவச அக்கவுண்ட் போதும். கல்லறை தேட ஈ.ஜி.ஜி.எஸ்.ஏ-ங்கற தென்னாப்பிரிக்க வம்சாவளி சங்கத்தோட வெப்சைட், ஊர் ஊரா கல்லறைக் கல்லை போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க, எல்லாம் ஆர்வத்துல பண்றவங்க. எங்க ஆளோட கல்லை முதல்ல அங்கதான் பாத்தோம், அப்புறம்தான் ரிச்மண்ட் போனோம், பீட்டர்மாரிட்ஸ்பர்க்லேர்ந்து முக்கா மணி நேரம்கூட ஆகாது.

ரேட்டிங் கேட்டா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கும் டர்பன் காப்பகத்துக்கும் அஞ்சுக்கு அஞ்சு, டீச்சரம்மாவுக்கும் அஞ்சு, ஃப்ரேம் கம்பெனிக்கு ஒண்ணுகூட குடுக்க மனசு வரல. போறவங்க முன்கூட்டியே போன் பண்ணி நேரம், நகல் கட்டணம் கேட்டுட்டுப் போங்க, ஐ.டி. எடுத்துக்கங்க, ஸ்வெட்டரும் எடுத்துக்கங்க, உள்ள குளிரும். வயசானவங்கள கூட்டிட்டுப் போறதா இருந்தா பூதக்கண்ணாடி ஒண்ணு, அந்தக் காலத்துக் கையெழுத்து சாஞ்சு சாஞ்சு இருக்கு. போட்டோ எடுக்கும்போது ஒவ்வொரு தாளோட பின்பக்கத்தையும் எடுங்க, மகன் உயில்ல எங்க ஆயா பேரு இருந்தது பின்பக்கத்துலதான்.